32 பேர் வேலை செய்யும் பேக்கரியில் ஒரு பேறுகால விடுப்பு: வாஷிங்டன் மாநிலச் சட்டம் நடைமுறையில்

அமெரிக்காவில் சம்பளத்தோடு கூடிய பேறுகால விடுப்பைத் தரும்படி நாடு முழுவதற்குமான சட்டம் கிடையாது. 1993ஆம் ஆண்டின் கூட்டரசு குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் 12 வாரம் தருகிறது. அதில் பணம் இல்லை. நிறுவனம் 75 மைல் சுற்றளவுக்குள் 50 பேரையாவது வைத்திருக்க வேண்டும். தொழிலாளி 12 மாதமும் 1,250 மணி நேரமும் வேலை செய்திருக்க வேண்டும். இந்தக் குறையை மாநிலங்கள்தான் ஒவ்வொன்றாக நிரப்பி வருகின்றன. கலிபோர்னியா 2004இல் தொடங்கியது. நியூ ஜெர்சி 2009, நியூயார்க் 2018, வாஷிங்டன் 2020, மாசசூசெட்ஸ் 2021, ஆரிகன் 2023, கொலராடோ 2024 என்று வரிசை நீண்டது. மினசோட்டாவும் டெலவேரும் 2026 ஜனவரியில் பணம் கொடுக்கத் தொடங்கின.

இந்த ஆய்வுக்கு வாஷிங்டனை எடுத்திருக்கிறோம். அங்கே 2026 ஜனவரி 1 முதல் விதிகள் கணிசமாக மாறியிருக்கின்றன. மாறியது பணம் கிடைக்கும் வழி அல்ல, வேலை திரும்பக் கிடைக்கும் வழி. இவை இரண்டும் ஒரே உரிமை என்று நினைப்பதுதான் முதலாளிகளும் தொழிலாளர்களும் செய்யும் மிகப் பெரிய பிழை. கீழே வரும் குடும்பமும் பேக்கரியும் விதிகளை விளக்க அமைத்த மாதிரி. தேதிகளும் தொகைகளும் சட்டப்படி கணக்கிட்டவை.

நிகழ்வு

சியாட்டிலுக்குத் தெற்கே கென்ட் நகரில் 32 பேர் வேலை செய்யும் ஒரு மொத்த விற்பனை பேக்கரி. அங்கே 2025 ஜூலை 14 அன்று ஒரு தமிழ்ப் பெண் பொதி கட்டும் பிரிவில் சேர்கிறார். மணிக்கு 26 டாலர், வாரம் 30 மணி நேரம். எச்-4 விசாவில் (எச்-1பி விசாக்காரரின் துணைவருக்கானது) வேலை அனுமதி அட்டையோடு இருப்பவர். கணவர் எச்-1பி விசாவில் (வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை விசா), ஆண்டுக்கு 1,50,000 டாலர் சம்பளத்தில், பல ஆயிரம் பேர் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனத்தில் மூன்றாண்டாக இருக்கிறார்.

குழந்தை 2026 மே 20 அன்று பிறக்கும் என்று மருத்துவர் குறித்துக் கொடுத்திருந்தார். ஏப்ரலில் இரத்த அழுத்தம் கூடியது. ஏப்ரல் 13 திங்கள் முதல் வேலைக்குப் போகக் கூடாது, படுக்கையில் ஓய்வு என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். மே 6 அன்று சிசேரியனில் குழந்தை பிறந்தது. தாய் ஆகஸ்ட் 3 திங்களன்று வேலைக்குத் திரும்ப விரும்புகிறார்.

விடுப்பு வேண்டும் என்று சொன்னதும் பேக்கரி உரிமையாளரின் பதில் மூன்று வரிதான்: நாங்கள் 50 பேருக்குக் கீழ், இந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது, குழந்தை பிறந்த பிறகு இடம் காலியாக இருந்தால் கூப்பிடுகிறோம். இதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. 50 என்ற எண் இந்தச் சட்டங்களில் பல இடங்களில் வருகிறது, ஒவ்வொரு இடத்திலும் வேறு பொருளில். சிறு முதலாளிகள் அதை ஒரே பொருளில் எடுத்துக்கொள்கிறார்கள்.

50 என்ற எண் என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை

வாஷிங்டனில் விடுப்புக்கான பணம் முதலாளியின் கையிலிருந்து வருவதில்லை. மாநில வேலைவாய்ப்புப் பாதுகாப்புத் துறை நடத்தும் காப்புறுதி நிதியிலிருந்து வருகிறது. நிதிக்குப் பிரீமியம் ஒவ்வொரு சம்பளத்திலிருந்தும் போகிறது. 2025இல் மொத்தச் சம்பளத்தில் 0.92 சதவீதம், அதில் தொழிலாளி பங்கு 71.52 சதவீதம், முதலாளி பங்கு 28.48 சதவீதம். 2026இல் பிரீமியம் 1.13 சதவீதமாக ஏறியது; தொழிலாளியின் பங்கு ஏறத்தாழ 71 சதவீதம். சமூகப் பாதுகாப்பு வரிக்கான சம்பள உச்சவரம்பு வரை மட்டுமே பிடிக்கலாம். 2026இல் அது 1,84,500 டாலர்.

50 பேருக்குக் கீழ் உள்ள நிறுவனத்துக்கு இருக்கும் விலக்கு ஒன்றே ஒன்று: முதலாளி பங்கைக் கட்ட வேண்டாம். வேலையைத் திரும்பத் தரும் கடமையைத் தவிர (அதைப் பின்னால் பார்ப்போம்) மற்ற எல்லாக் கடமையும் ஒருவரை மட்டும் வேலைக்கு வைத்தவருக்கும் உண்டு. தொழிலாளி பங்கைப் பிடித்துக் கட்ட வேண்டும், அல்லது தானே கட்ட வேண்டும். ஒவ்வொரு காலாண்டும் ஒவ்வொருவரின் மணி நேரத்தையும் கூலியையும் அறிக்கையாக அனுப்ப வேண்டும். ஏப்ரல் 30, ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31 ஆகியவை கெடு. உரிமைகளைச் சொல்லும் சுவரொட்டியைத் தொழிலாளர் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும்.

இந்தப் பேக்கரி வேலையிழப்புக் காப்புறுதி அறிக்கையைத் தவறாமல் அனுப்பி வந்தது. அதே துறைக்குத்தான் போகிறது என்பதால் எல்லாம் முடிந்தது என்று கணக்காளர் நினைத்துவிட்டார். துறை ஒன்றுதான், கணக்கு வேறு. குடும்ப, மருத்துவ விடுப்பு அறிக்கை தனியாகப் போக வேண்டும். இந்தத் தவறு நடப்பது ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தெரிவதில்லை. யாராவது ஒருவர் விடுப்புக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் வெளியே வரும்.

விண்ணப்பம்: பூஜ்ய மணி நேரம்

தகுதிக்கு வேண்டியது 820 மணி நேர வேலை. முழுநேரம், பகுதிநேரம் என்ற பாகுபாடு இல்லை. இரண்டு மூன்று முதலாளிகளிடம் செய்த வேலையையும் கூட்டிக்கொள்ளலாம். விசா நிலை கணக்கில் வராது. ஆனால் எந்தக் காலத்தில் செய்த 820 மணி நேரம் என்பதில்தான் கவனம் வேண்டும். விண்ணப்பிக்கும் நேரத்தில் முடிந்திருக்கும் கடைசி ஐந்து காலாண்டுகளில் முதல் நான்கை முதலில் பார்ப்பார்கள். அதில் தகுதி வராவிட்டால் முடிந்த கடைசி நான்கைப் பார்ப்பார்கள்.

இந்தப் பெண் விண்ணப்பிப்பது 2026 ஏப்ரலில். முதல் முறைப்படி பார்க்கும் காலம் 2025 முழு ஆண்டு. எளிமைக்காக விடுமுறை நாள்களையும் வேலைநாளாகவே எடுத்துக்கொண்டால், மூன்றாம் காலாண்டில் 342 மணி, நான்காம் காலாண்டில் 396 மணி. கூட்டினால் 738. தகுதி இல்லை. இரண்டாம் முறைப்படி 2026இன் முதல் காலாண்டும் சேரும்: 384 மணி. மொத்தம் 1,122. தகுதி உண்டு.

இங்கே இரண்டு சிக்கல் ஒன்றாகச் சேர்ந்தன. முதல் காலாண்டின் அறிக்கைக்குக் கெடு ஏப்ரல் 30. ஏப்ரல் நடுவில் விண்ணப்பிப்பவரின் மூன்று மாத உழைப்பு, ஒழுங்காக அறிக்கை அனுப்பும் நிறுவனத்தில்கூடத் துறையின் கணினியில் அநேகமாக இருக்காது. இந்தப் பேக்கரியோ விடுப்பு அறிக்கை எதையும் அனுப்பியதில்லை. ஆகவே கணினியில் தெரிந்தது பூஜ்யம். தகுதியில்லை என்று கடிதம் வந்தது.

இந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கிவிடுகிறவர்கள் உண்டு. ஒதுங்கக் கூடாது. மேல்முறையீட்டுக்கு 30 நாள் இருக்கிறது. அதற்கு முன்பே கையில் இருக்கும் சம்பளச் சீட்டுகளை எல்லாம் துறைக்கு அனுப்பி, வேலை செய்த மணி நேரம் விடுபட்டிருக்கிறது என்று எழுத வேண்டும். துறை முதலாளியைக் கேட்கும், அறிக்கை வாங்கும், தகுதியைத் திருத்தும். முதலாளி பிரீமியம் கட்டாததால் தொழிலாளியின் உரிமை போய்விடுவதில்லை. உரிமை வேலை செய்த மணி நேரத்திலிருந்து வருகிறது. போவது நாள்கள்தான். வாடகை கட்ட வேண்டிய வீட்டில் அந்த நாள்கள் சின்ன விஷயம் இல்லை. சம்பளச் சீட்டுகளைச் சேர்ந்த நாள் முதல் சேமித்து வைக்கச் சொல்வது இதற்காகவே.

முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கவும் வழியில்லை. விடுப்புக்கான காரணம் நடந்த பிறகுதான் விண்ணப்பம் ஏற்கப்படும். முன்கூட்டியே செய்ய வேண்டியது முதலாளிக்கு எழுத்தில் சொல்வது: முன்னரே தெரிந்த விடுப்பு என்றால் 30 நாள் முன்பாக, இப்படித் திடீரென்று வந்தால் இயன்ற அளவு சீக்கிரம். ஒரு குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ போதும், அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

பிடிக்காத பணத்தைத் திரும்பப் பிடிக்க முடியாது

அறிக்கை கேட்டுத் துறையிடமிருந்து கடிதம் வந்ததும் உரிமையாளர் செய்ய நினைத்தது, பெரும்பாலானவர்கள் செய்ய நினைப்பதுதான்: இத்தனை மாதம் பிடிக்காத பிரீமியத்தைக் கடைசிச் சம்பளத்திலிருந்து கழித்துக்கொள்வது. சட்டம் இதை விடாது. ஒரு சம்பளக் காலத்தில் தொழிலாளி பங்கைப் பிடிக்கத் தவறினால், அந்தப் பங்கை முதலாளி தானே கட்ட ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும். பின்னால் வரும் சம்பளத்தில் அதைக் கழிக்க முடியாது.

இந்தப் பெண்ணுக்கு மட்டும் 2025இன் இரண்டு காலாண்டுக்குக் கூலி 19,188 டாலர். அதில் 0.92 சதவீதத்தின் 71.52 சதவீதம் என்றால் 126 டாலர். 2026இன் முதல் காலாண்டுக்கு இன்னும் 80 டாலர். சின்னத் தொகைதான். ஆனால் 32 பேருக்கும், விட்டுப்போன எல்லாக் காலாண்டுக்கும் கணக்குப் போட்டால் சின்னத் தொகை இல்லை. திட்டம் பிரீமியம் வாங்கத் தொடங்கியது 2019இல். பிழை எப்போது தொடங்கியதோ அந்தக் காலாண்டிலிருந்து அறிக்கை போயாக வேண்டும். உரிமையாளர் செய்யத் தக்கது, கேட்பதற்கு முன்பே தானாகப் போய்த் துறையோடு பேசி, பழைய அறிக்கைகளை அனுப்பி, நிலுவையைத் தவணையில் கட்டக் கேட்பது. அடுத்த சம்பளத்திலிருந்து சரியாகப் பிடிக்கத் தொடங்குவது அதைவிட அவசரம். தாமதிக்கும் ஒவ்வொரு சம்பளத்தின் தொழிலாளி பங்கும் அவர் தலையில்தான் விழும்.

வாரம் எவ்வளவு

தகுதிக் காலத்தில் அதிகக் கூலி வந்த இரண்டு காலாண்டை எடுத்து 26ஆல் வகுத்தால் சராசரி வாரக் கூலி. இங்கே 10,296ம் 9,984ம் சேர்ந்து 20,280. வகுத்தால் 780 டாலர். 2026 கணக்குக்கு மாநிலத்தின் சராசரி வாரக் கூலி 1,830 டாலர். அதன் பாதியான 915க்குள் கூலி இருந்தால் 90 சதவீதம் கிடைக்கும். ஆகவே இவருக்கு வாரம் 702 டாலர்.

915க்கு மேல் வாங்குபவருக்கு முதல் 915இல் 90 சதவீதம், மீதியில் 50 சதவீதம். கணவரின் வாரக் கூலி 2,884 டாலர். கணக்குப்படி 1,808 வரும், ஆனால் 2026இன் உச்சம் 1,647. அவருக்கு அதுதான். குறைந்த கூலிக்காரருக்குக் கூலியின் பத்தில் ஒன்பது பங்கும் அதிகக் கூலிக்காரருக்கு ஏறத்தாழ பாதியும் கிடைப்பது திட்டத்தின் நோக்கத்தோடு பொருந்துகிறது. இது நல்ல வடிவமைப்பு என்றே எங்களுக்குப் படுகிறது.

வாரங்கள் எப்படிக் கூடுகின்றன

ஓராண்டுக் கோரிக்கைக் காலத்தில் மருத்துவ விடுப்பு 12 வாரம், குடும்ப விடுப்பு 12 வாரம், இரண்டும் சேர்ந்தால் 16 வாரம். கருவுற்ற நிலையின் சிக்கலால் செயல்பட முடியாமல் போனால் மருத்துவ விடுப்பு 14 வாரமாகவும் மொத்தம் 18 வாரமாகவும் கூடும். படுக்கை ஓய்வு, உயர் இரத்த அழுத்தம், சிசேரியன் எல்லாம் இதற்கு இடம் தருபவை. ஆனால் இது தானாக வராது. மருத்துவர் நிரப்பும் சான்றிதழ்ப் படிவத்தில் கருவுற்ற நிலையின் சிக்கலால் இயலாமை என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். அவசரத்தில் நிரப்பும் மருத்துவமனை ஊழியர் அந்தக் கேள்வியை விட்டுவிடுவது சாதாரணம். படிவத்தை வாங்கியதும் அங்கேயே நின்று அந்த ஒரு வரியைப் படித்துவிட வேண்டும்.

இவரது விடுப்பு மூன்று துண்டு. ஏப்ரல் 13 முதல் பிறப்பு வரை மருத்துவ விடுப்பு. பிறப்புக்குப் பின் முதல் ஆறு வாரம், குழந்தை பெற்ற தாய்க்கு மருத்துவ விடுப்பு என்றே கருதப்படும். தாய் விரும்பினால் மட்டும் அதைக் குடும்ப விடுப்பாக மாற்றிக்கொள்ளலாம். மாற்றாமல் விடுவதே நல்லது. ஜூன் 17இலிருந்து குழந்தையோடு இருப்பதற்கான குடும்ப விடுப்பு, ஆகஸ்ட் 1 வரை. துண்டு மாறும்போது துறைக்குத் தெரிவித்து, பிறப்புச் சான்று உட்பட அதற்கான தாள்களையும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் நடுவில் பணம் நின்றுவிடும்.

முதல் வாரம் காத்திருப்பு வாரம், பணம் இல்லை. துறையின் வாரம் ஞாயிறு முதல் சனி வரை. இங்கே ஏப்ரல் 12 முதல் 18 வரை. பணம் வராது என்று அந்த வாரத்துக்குக் கோரிக்கை போடாமல் விடுபவர்கள் உண்டு. போட்டால்தான் காத்திருப்பு முடியும். குழந்தையோடு இருப்பதற்கான விடுப்புக்குக் காத்திருப்பு வாரம் கிடையாது.

ஏப்ரல் 12 முதல் ஆகஸ்ட் 1 வரை 16 வாரம். முதல் வாரம் போக 15 வாரம் 702 வீதம் 10,530 டாலர்.

இதில் ஒரு நுணுக்கம். மாநிலத்தின் நோய் விடுப்புச் சட்டப்படி 40 மணி வேலைக்கு ஒரு மணி சம்பள விடுப்பு சேரும். 39 வாரத்தில் 1,170 மணி வேலை செய்தவருக்கு 29 மணி சேர்ந்திருக்கிறது, ஏறத்தாழ அவரது ஒரு வார வேலை நேரம். அதைக் காத்திருப்பு வாரத்தில் எடுத்தால் பணமே வராத அந்த வாரத்துக்கு 754 டாலர் கிடைக்கும். இல்லையென்றால் வாரம் மூன்று மணி வீதம் எடுத்து 702ஐ 780 ஆக்கலாம். ஒன்பது வாரத்துக்கு மேல் வரும். இந்த இரண்டாவது வழிக்கு முதலாளி அந்தப் பணத்தை மேல்நிரப்புத் தொகை என்று அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்காமல் சாதாரண விடுப்புச் சம்பளமாகக் கொடுத்தால், தொழிலாளி அதை வாராந்திரக் கோரிக்கையில் காட்ட வேண்டும். காட்டினால் மாநிலப் பணம் அதற்கேற்பக் குறையும். முதலாளி நல்ல மனதோடு கொடுத்தது தொழிலாளிக்கு நன்மையில்லாமல் போவது இப்படித்தான். ஒரு வரியில் எழுதித் தந்தால் தீர்ந்துவிடும். இவருக்கு முதல் வழியே சரி என்போம். வாடகை தேதி வரும்போது கையில் எதுவும் இல்லாத வாரம் அதுதான்.

விண்ணப்பத்தில் வழக்கமான வார வேலை நேரம் என்ற கேள்விக்கு 40 என்று போட்டுவிடுபவர்களையும் பார்க்கிறோம். இவருக்கு அது 30. இந்த எண்ணை வைத்துத்தான் அரை வாரங்களுக்குப் பணம் பிரிக்கிறார்கள்.

வேலை திரும்பக் கிடைக்குமா

இனி மற்ற உரிமை. மேலே சொன்னதெல்லாம் பணம். பணம் கிடைக்கிறது என்பதாலேயே நாற்காலி காத்திருக்கும் என்று பொருள் இல்லை.

2025 டிசம்பர் வரை வாஷிங்டனில் வேலைப் பாதுகாப்புக்கான வரம்பு கூட்டரசுச் சட்டத்தைப் போலவே இருந்தது: 50 பேர், 12 மாதம், 1,250 மணி. அந்த விதியில் இந்தப் பெண் மூன்று இடத்திலும் தோற்பார். 702 டாலர் வாராவாரம் வந்துகொண்டிருக்கும்போதே அவர் இடத்தில் வேறொருவரை நிரந்தரமாக அமர்த்தியிருக்கலாம், இந்தச் சட்டம் தடுத்திருக்காது. சிறு நிறுவனங்களில் வேலை செய்யும், விடுப்பு மிகவும் தேவைப்படும் தொழிலாளர்கள் பிரீமியம் கட்டிக்கொண்டே விடுப்பை எடுக்கப் பயந்தது இதனால்தான்.

2025இல் நிறைவேறிய மாநிலப் பிரதிநிதிகள் சபை மசோதா 1213 இதை மாற்றியது. 2026 ஜனவரி 1 முதல் 25 பேர் உள்ள நிறுவனம், 2027இல் 15 பேர், 2028இல் 8 பேர். வேலைக்காலம் 180 நாள் போதும். பேக்கரியில் 32 பேர். ஜூலை 14இலிருந்து 180 நாள் 2026 ஜனவரி 10க்குள் முடிந்துவிட்டது. ஏப்ரல் 13 அன்று இவருக்கு வேலைப் பாதுகாப்பு முழுமையாக உண்டு. கூட்டரசுச் சட்டம் இவருக்கு இன்னமும் பொருந்தாது, அதைத் தேடிப் போக வேண்டியதும் இல்லை. உரிமையாளரின் மூன்றாவது வரி, இடம் இருந்தால் கூப்பிடுகிறோம் என்பது, சட்டமீறலுக்கான அறிவிப்பு. அவர் பழைய ஆண்டின் விதியைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாதுகாக்கப்பட்ட விடுப்புக் காலம் முழுவதும் உடல்நலக் காப்பீட்டை முதலாளி தொடர வேண்டும். தொழிலாளி தன் வழக்கமான பங்கைக் கட்ட வேண்டும். சம்பளம் இல்லாத மாதங்களில் அந்தப் பங்கு எப்படிப் போகும், காசோலையா மாத இறுதி மாற்றலா என்பதை விடுப்புக்கு முன்பே பேசி எழுதி வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

முதலாளியின் பக்கம் இரண்டு கடிதம். ஒன்று உரிமைகள் பற்றிய எழுத்து அறிக்கை: தொடர்ச்சியாக ஏழாம் நாள் வராத பிறகு, அல்லது இந்தக் காரணத்துக்காகத்தான் வரவில்லை என்று தெரிந்த பிறகு, எது பின்னதோ அதிலிருந்து ஐந்து வேலைநாளுக்குள். ஏழாம் நாள் ஏப்ரல் 19 ஞாயிறு, ஆகவே ஏப்ரல் 24 வெள்ளிக்குள். இரண்டாவது 2026இல் வந்த புதிய கடமை: வேலைப் பாதுகாப்பு எப்போது முடிகிறது, எந்த நாளில் திரும்ப வேண்டும் என்று, அது முடிவதற்குக் குறைந்தது ஐந்து வேலைநாள் முன்பாக எழுதித் தர வேண்டும். ஜூலை 24 வெள்ளிக்குள் அனுப்பிவிட்டால் கெடுவுக்குள் நிற்கும். தொழிலாளியும் அந்தத் தேதியை நாள்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும். திரும்ப வேண்டிய நாளில் வராமல் போனால் உரிமையும் அதோடு போய்விடலாம்.

கணவரின் 12 வாரம்

ஊரிலிருந்து பிரசவம் பார்க்க அம்மா வருவார் என்பதே நம் குடும்பங்களின் திட்டம். விசாவும் பயணமும் ஒத்துவந்தால் வருவார், சில மாதம் இருப்பார், போய்விடுவார். அதனால் அப்பாவின் விடுப்பை இரண்டாகப் பிரிப்பது பொருந்துகிறது: பிறந்ததும் நான்கு வாரம், தாய் வேலைக்குத் திரும்பும் ஆகஸ்ட் 3இலிருந்து எட்டு வாரம். குழந்தையோடு இருப்பதற்கான விடுப்பை, பிறந்த 12 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. ஒரு முறைக்குக் குறைந்த அளவு 2026 முதல் தொடர்ந்து நான்கு மணி நேரம், முன்பு எட்டு. இரண்டாம் துண்டு முன்னரே தெரிந்தது என்பதால் ஜூலை தொடக்கத்திலேயே முதலாளிக்கு எழுதிவிட வேண்டும்.

12 வாரத்துக்கு 1,647 வீதம் 19,764 டாலர். அவர் ஆண்டுக்குக் கட்டும் பங்கு சுமார் 1,210 டாலர். பெரிய நிறுவனங்கள் பல, மாநிலத் தொகைக்கு மேல் முழுச் சம்பளம் வரை நிரப்புகின்றன. அதைப் பெற மாநிலத்துக்கு விண்ணப்பித்தாக வேண்டும் என்று நிறுவனத்தின் கொள்கை சொல்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இவருக்குக் கூட்டரசுச் சட்டமும் பொருந்தும், இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். இங்கே எச்ஆர் (மனிதவள) துறைகள் செய்யும் பிழை ஒன்று: சேர்த்துவைத்த ஆண்டு விடுப்பை முதலில் தீர்த்துவிட்டு வா என்று கட்டாயப்படுத்துவது. மாநிலப் பணம் வாங்கும் காலத்தில் அப்படிக் கட்டாயப்படுத்த முடியாது என்று கூட்டரசுத் தொழிலாளர் துறை 2025 ஜனவரியில் எழுதிய கருத்துக் கடிதத்தில் தெளிவாக்கியது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் குறையை நிரப்ப மட்டும் பயன்படுத்தலாம்.

தொழிலாளர்கள் செய்யும் பிழையும் ஒன்று உண்டு. முதலில் கூட்டரசுச் சட்டத்தின் பணமில்லா 12 வாரம், அது முடிந்ததும் மாநிலத்தின் 12 வாரம் என்று 24 வாரத் திட்டம் போடுவது. 2026 விதிப்படி, கூட்டரசு விடுப்பைக் கேட்ட அல்லது தொடங்கிய ஐந்து வேலைநாளுக்குள் முதலாளி எழுத்தில் தெரிவித்து, பிறகும் மாதந்தோறும் தெரிவித்து வந்தால், அந்த வாரங்களை மாநில வேலைப் பாதுகாப்பிலிருந்து கழித்துக்கொள்ளலாம். பின்னால் மாநிலப் பணம் வரும், ஆனால் வேலைப் பாதுகாப்பு ஏற்கெனவே தீர்ந்திருக்கும். முதலாளி அனுப்பும் அந்த அறிவிப்பைப் படிக்காமல் கோப்பில் போட்டுவிட்டு இரண்டாம் பன்னிரண்டைத் தொடங்குவது ஆபத்து.

எச்-1பி பற்றிய பயம் அடிக்கடி வருவதால் ஒரு வரி. விசா விதிப்படி வேலையில்லா நாளுக்கும் முதலாளி சம்பளம் தர வேண்டும், ஆனால் தொழிலாளி தானாகக் கேட்ட விடுப்புக்கும் பேறுகாலம், உறவினரின் நோய் போன்ற காரணங்களுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. வேலை உறவு தொடரும்வரை இத்தகைய விடுப்பே விதிமீறல் ஆகாது. விடுப்புக் கோரிக்கை, ஒப்புதல், திரும்பிய தேதி மூன்றையும் எழுத்தில் வைத்திருந்தால் பின்னாளில் விசா நீட்டிப்பின்போது கேட்டால் காட்டலாம்.

ஊரில் இருக்கும் பெற்றோருக்கோ மாமனார் மாமியாருக்கோ கடும் நோய் என்றாலும் மாநிலக் குடும்ப விடுப்புக்கு இடம் உண்டு. துணைவரின் பெற்றோரும் குடும்பமாகவே கருதப்படுகிறார்கள். கூட்டரசுச் சட்டத்தில் மாமியார் மாமனார் இல்லை, தன் பெற்றோர் மட்டுமே. அதே சட்டம், அந்த நாட்டுச் சட்டப்படி பயிற்சி செய்யும் மருத்துவரின் சான்றை ஏற்கிறது. ஊரில் வாங்கும் சான்று ஆங்கிலத்தில், நோயின் தன்மை, தொடங்கிய தேதி, எவ்வளவு காலம் பராமரிப்பு வேண்டும் என்ற மூன்றும் தெளிவாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லை தாண்டினால்

எந்த மாநிலத் திட்டம் என்பதை வீடு தீர்மானிப்பதில்லை, வேலை நடக்கும் இடம் தீர்மானிக்கிறது. வாஷிங்டனின் வான்கூவரில் குடியிருந்து ஆற்றைத் தாண்டி போர்ட்லாந்தில் வேலை செய்பவர் ஆரிகன் திட்டத்தில் இருப்பார். இந்தக் கட்டுரையின் எண் எதுவும் அவருக்குப் பொருந்தாது. மற்ற மாநிலங்களிலும் பணமும் வேலைப் பாதுகாப்பும் தனித்தனிக் கதவுகளாகவே இருக்கின்றன. கலிபோர்னியாவில் பணம் தரும் குடும்ப விடுப்புத் திட்டம் வேலையைப் பாதுகாப்பதில்லை. அதற்கு ஐந்து பேரிலிருந்து பொருந்தும் வேறொரு சட்டம். நியூயார்க்கின் குடும்ப விடுப்பிலோ இரண்டும் ஒரே சட்டத்தில், நிறுவனம் எவ்வளவு சிறியதானாலும்.

வரி

இந்தப் பணத்துக்கு வாஷிங்டனில் மாநில வருமான வரி இல்லை. கூட்டரசு வரி உண்டு. 2025 ஜனவரியில் உள்நாட்டு வருவாய்த் துறை வெளியிட்ட தீர்ப்பாணை 2025-4இன்படி குடும்ப விடுப்புப் பணம் வருமானம், ஆனால் கூலி அல்ல. சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் அதில் வராது. மருத்துவ விடுப்புப் பணத்தில் தொழிலாளியின் பங்கிலிருந்து வந்த பகுதிக்கு வரி இல்லை. இந்த வீட்டில் தாயின் ஜூன் 17க்குப் பிந்தைய பணமும் தந்தையின் 19,764 டாலரும் வரிக்கு உட்பட்டவை. தாயின் முந்தைய மருத்துவ விடுப்புப் பணம் பெரும்பாலும் அப்படி அல்ல. வாராவாரம் வரும் பணத்தில் வரி பிடிக்காமலே வந்தால் முழுத் தொகையும் செலவாகி, அடுத்த ஏப்ரலில் பெரிய வரித் தொகை வந்து நிற்கும். தந்தையின் பங்கில் கால்வாசியை அப்போதே தனிக் கணக்கில் போடுவது பாதுகாப்பு. அரசு கொடுத்த பணத்தைக் காட்டி ஜனவரியில் துறை அனுப்பும் 1099-ஜி படிவத்தில் உள்ள தொகையை வாராந்திரக் கோரிக்கைப் பதிவுகளோடு ஒத்துப்பார்த்து, மருத்துவ விடுப்பும் குடும்ப விடுப்பும் சரியாகப் பிரிந்திருக்கிறதா என்று சோதித்த பிறகே வரி அறிக்கையை அனுப்ப வேண்டும்.